தார்சியூஸ் போட்ட மண்

அன்று காலை நன்மாறன் சார் என் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றாமல் நின்று, "தலைவியம்மா, கொஞ்சம் வெளிய வாங்க" என்று சொன்னபோதே ஏதோ சரியில்லை என்று தெரிந்துவிட்டது. மற்ற நாளென்றால் அவர் உள்ளே வந்து உட்கார்ந்து, கட்டஞ்சாயா கேட்டு வாங்கிக் குடித்துவிட்டுத்தான் வாயைத் திறப்பார்.

"மறுபடியும் காட்டுது" என்றார்.

எது காட்டுகிறது என்று நான் கேட்கவில்லை. எங்கள் தீவில் காட்டுவதற்கு ஒரே ஒரு சாமான்தான் இருக்கிறது. வயதுமானி.

நாங்கள் குமரிக் கடற்கரைக்காரர்கள். கடல் எங்கள் ஊரைக் கோவிலோடு சேர்த்து விழுங்கிய பிறகு, அரசாங்கம் எங்களைக் கப்பலில் ஏற்றிக் கொண்டுவந்து இந்தத் தீவில் விட்டது. நல்ல தீவுதான். மீன் உண்டு, தென்னை உண்டு, குடிதண்ணீர் உண்டு. நடுவில் ஒரு எரிமலையும் உண்டு என்பதைக் கடைசியாகச் சொன்னார்கள், நிச்சயதார்த்தம் முடிந்த பிறகு மாப்பிள்ளையின் குடிப்பழக்கத்தைச் சொல்வதுபோல. தூங்குகிற மலை, பயப்பட வேண்டாம், வயதுமானி வைத்திருக்கிறோம் என்றார்கள். அதைப் பார்த்துக்கொள்ள நன்மாறன் சாரையும் குடியேற்ற ஆணையம் அனுப்பி வைத்தது. ஊர்க் கமிட்டிக்குத் தலைவி என்று என்னை உட்கார்த்தியது ஊர்க்காரர்கள் செய்த வேலை.

அவரோடு, வயதுமானி வைத்திருக்கும் நிலையத்துக்கு நடந்தேன். மலை எப்போதும்போல மேகத்தைத் தலையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

"போன வருசமும் இதத்தான சார் சொன்னியோ" என்றேன். "அது உள்ளதச் சொல்லுதா, கள்ளம் சொல்லுதான்னு எப்படி சார் தெரியும்?"

"அது என்ன பண்ணுதுன்னு உங்களுக்கு ஒருதரம் சொன்னேனே."

"இன்னொருக்கச் சொல்லுங்க. பயமும் பேடியுமா எல்லாம் மறந்து போச்சு."

அவர் பொறுமைசாலி. நடந்துகொண்டே சொன்னார். "மலைக்கு அடியில பாறை உருகிக் குழம்பாக் கிடக்கு. அதுல கொஞ்சம் யுரேனியம் இருக்கும். அது தானாச் சிதைஞ்சு இன்னொண்ணா மாறும், அது வேறொண்ணா மாறும். அம்மா, மகள், பேத்தின்னு ஒரு வம்சம் மாதிரி. குழம்பு ரொம்ப காலம் ஒரே இடத்துல கிடந்தா அந்த வம்சத்துல யார் எத்தனை பேருங்கிற கணக்கு ஒழுங்கா இருக்கும். ஆழத்துல இருந்து புதுக் குழம்பு ஏறி வந்தா கணக்கு கலைஞ்சுபோகும். சில பேர் ஆவியோட ஓடிருவாங்க, சில பேர் தங்கிருவாங்க. மண்ணுல இருந்து வர்ற ஆவிய வச்சு வயதுமானி அந்தக் கணக்கப் பாக்குது. எவ்வளவு கலைஞ்சிருக்குன்னு பாத்தா குழம்பு எப்ப வந்துச்சுன்னு தெரிஞ்சிரும்."

"இப்ப வந்திருக்கா?"

"இப்பதான் வந்திருக்கு. பழைய காலத்துல இந்த மலை கக்கின கல்லையெல்லாம் உடைச்சுப் பாத்திருக்கோம். புதுக் குழம்பு வந்த பிறகு இது அதிக நாள் காத்திருந்ததே இல்ல."

எனக்கு உடனே நினைவுக்கு வந்தவர்கள் ஊர்ச்சனம் அல்ல. தலைவி அப்படிச் சொல்லக்கூடாதுதான். என் தங்கை பனிமயமும், அவள் மகள் அபிஷாவும்தான் முதலில் நினைவுக்கு வந்தார்கள்.

போன வருடம் வயதுமானி இப்படித்தான் காட்டியது. கப்பல் வந்தது. ஊர் மொத்தமும் பக்கத்துப் பெரிய தீவின் பள்ளிக்கூடத்தில் போய்ப் படுத்துக் கிடந்தது. மலை ஒரு ஏப்பம்கூட விடவில்லை. அலை சீறிய நேரம் அது. கரையில் விட்டுவந்த வள்ளங்களை அடித்து நொறுக்கிவிட்டது. கட்டிப்போட்ட ஆடுகள் தீனி போட ஆளில்லாமல் கட்டிய இடத்திலேயே செத்தன. பனிமயத்தின் புருஷன் தார்சியூஸ், ஆடுகளை அவிழ்த்துவிட்டு வந்துவிடுகிறேன் என்று ஒரு சின்ன வள்ளத்தை எடுத்துக்கொண்டு யாரிடமும் சொல்லாமல் கிளம்பினான். வள்ளம் மட்டும் கரை ஒதுங்கியது. கல்லறைத் தோட்டத்தில் அவனுக்கு ஒரு மரக்குரிசு, சிலுவைதான், நட்டோம். அடியில் ஆள் இல்லை.

நிலையத்தில் திரையில் துணை ஆணையர் வந்தார். தலைமைத் தீவில், குளிரூட்டிய அறையில் இருந்தார். மரியாதையான மனிதர். அதுதான் வயிற்றெரிச்சல், திட்டக்கூட முடியாது.

"நன்மாறன், நான் கேக்குறது ஒண்ணே ஒண்ணு. போன தடவை ஏன் தப்பாச்சு?"

"தப்பாகலை சார். போன தடவையும் குழம்பு வந்துச்சு. வந்து பாதியில நின்னுருச்சு."

"அதுக்கு ஆதாரம்?"

"ஆதாரம் இருக்காது சார். வெளிய வந்ததுதான் கல்லாகும். பாதியில நின்னது கல்லாகலையே, அதப் படிக்க முடியாது."

"சரி, பாதியில நிக்கும்னு நீங்களே சொல்றீங்க. அப்ப இப்பவும் நின்னுரும்தானே?"

உண்மையைச் சொல்லி மாட்டிக்கொண்ட மனிதரை நான் அன்றுதான் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

துணை ஆணையரே இறங்கி வந்தார். "பாருங்க, எனக்கும் மனசு இருக்கு. எந்திரத்துக்குப் பக்கத்துல வேற ஏதாவது கதிரியக்கப் பொருள் கிடந்து குழப்பியிருந்தா சொல்லுங்க. கோளாறு இதுதான், சரி பண்ணிட்டோம்னு எழுதிப் போட்டா மேல உடனே ஒத்துக்குவாங்க. காரணம் தெரியாத எந்திரத்த நம்பி ரெண்டாவது தடவை கப்பல் அனுப்ப என்னால முடியாது."

"அப்படி எதுவும் கிடைக்கலை சார்."

"தேடிப் பாருங்க" என்றார். திரை கறுத்தது.

நான் நேராகத் தங்கை வீட்டுக்குப் போனேன். அவள் அடுக்களை வாசலில் நெத்தோலி ஆய்ந்துகொண்டிருந்தாள். திரையில் வந்த அந்தத் துரை சொன்னதை ஒன்றுவிடாமல் சொல்லி, கப்பல் எப்படியாவது வரும், துணிமணியை எடுத்து வை என்றேன்.

"எதுக்கு?" என்றாள், தலையைத் தூக்காமல்.

"பிள்ளே, மிஷினு காட்டுது."

"மிஷினு ஒருக்கச் சொல்லிக் கேட்டதுல எனக்கு ஆளு போச்சுக்கா. அதுக்குக் கள்ளம் சொல்லத்தான் தெரியும். நீ தலைவி, நீ போ. எனக்கும் எம்பிள்ளைக்கும் இந்தத் தரை போதும்."

"பிள்ளையையும் சேத்துச் சாவடிக்கப் போறியா?"

"அவளுக்க அப்பன நான் சாவடிக்கல்லக்கா" என்றாள். எழுந்து வந்துவிட்டேன். ஊரில் மற்றவர்களும் அதையேதான் கொஞ்சம் சத்தமாகச் சொன்னார்கள். சூடு கண்ட பூனை அடுப்பங்கரைக்குப் போகுமா?

மறுநாள் மத்தியானம் பனிமயம் ஓடிவந்தாள். ஆடு பத்திக்கொண்டு போன அபிஷா சோற்றுக்கு வரவில்லை.

தென்னந்தோப்புக்குப் பின்னால் ஒரு பள்ளம் உண்டு. அங்கே புல் நன்றாக இருக்கும். மேட்டில் நின்று பார்த்தோம். ஆடுகள் எல்லாம் படுத்திருந்தன. ஒரு சொட்டு ரத்தம் கிடையாது, நுரை கிடையாது, காலை மடக்கி, அசைபோட்டுக்கொண்டிருக்கும்போதே தூங்கிப்போனதுபோல. அவற்றைச் சுற்றி மைனாக்கள் கிடந்தன. பள்ளத்தின் ஓரத்தில் அபிஷா மண்டியிட்டு உட்கார்ந்திருந்தாள். தலை மார்பில் சாய்ந்திருந்தது.

பள்ளமான இடத்தில் நிற்காதீர்கள், மலைக்குள்ளிருந்து வருகிற வாயு காற்றைவிடக் கனம், அடியில் தேங்கும் என்று நன்மாறன் சார் எல்லோரிடமும் சொல்லியிருந்தார். எனக்கு அது நினைவுக்கு வந்தது. நினைவுக்கு வந்ததால் கால் எழவில்லை. அவ்வளவு பயம். என் தங்கை மகள் கண்முன்னால் கிடக்கிறாள், நான் மேட்டில் கல்லாக நிற்கிறேன்.

பனிமயம் நிற்கவில்லை. சின்ன வயதில் பாறையிடுக்கில் முங்கிச் சிப்பி எடுத்தவள் அவள். மூச்சை இழுத்து அடக்கி, கடலில் முங்குவதுபோல அந்தப் பள்ளத்தில் இறங்கினாள். பிள்ளையைக் கக்கத்தில் அள்ளிக்கொண்டு ஏறினாள். மேட்டுக்கு வந்த பிறகுதான் மூச்சை விட்டாள். அபிஷாவின் உதடு நீலம் பாய்ந்திருந்தது. கன்னத்தில் தட்டினோம், பெயரைச் சொல்லிக் கூப்பிட்டோம், முதுகைத் தேய்த்தோம். கடைசியில் அவள் வாந்தி எடுத்து அழுதாள். அந்த அழுகைச் சத்தத்தைக் கேட்டு நானும் அழுதேன். பனிமயம் அழவில்லை. அவள் மலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மிஷினு கள்ளம் சொல்லல்ல" என்றாள். "போனதடவ என்னமோ தெரியாது. இந்தத் தடவ கள்ளம் சொல்லல்ல."

அன்று சாயங்காலம் கோவில் முற்றத்தில் ஊரைக் கூட்டினேன். செத்த ஆடுகளைப் பார்த்துவிட்டு வந்த சனம் இப்போது கப்பல் எங்கே என்று என்னைத்தான் கேட்டது. மிச்சமிருந்த வள்ளங்களில் ஊரில் கால்வாசிப் பேர்கூட ஏற முடியாது. எந்தக் கால்வாசி என்று யார் சொல்வது? அந்தக் கேள்வி எல்லோர் முகத்திலும் இருந்தது. அண்ணன் தம்பிகள் ஒருவரை ஒருவர் நேராகப் பார்க்காமல் நின்றார்கள். மலையைவிட அதைப் பார்க்கத்தான் எனக்குப் பேடியாக இருந்தது.

நன்மாறன் சார் திரையை முற்றத்துக்கே கொண்டுவந்து வைத்தார். துணை ஆணையர் எல்லாவற்றையும் கேட்டார். ஆடு செத்ததற்கு வருத்தம் தெரிவித்தார். விஷப்புல்லாக இருக்கலாம், மருத்துவரை அனுப்புகிறேன் என்றார்.

"சார்" என்று ஒரு குரல் கேட்டது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு பனிமயம் முன்னால் வந்தாள். "எனக்கு ஒண்ணு சொல்லணும். போன வருசம் மிஷினு இருந்த பழைய குழியில எங்க ஊரு மண்ணு கெடக்கு."

முற்றத்தில் எல்லோரும் அவள் பக்கம் திரும்பினார்கள்.

வெளியாட்களுக்கு இது விளங்காது. ஊரைக் கடல் எடுக்கும் முன்பு நாங்கள் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பை கடற்கரை மண் கட்டிக்கொண்டு வந்தோம். இங்கே வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டினாலும் சரி, கிணறு வெட்டினாலும் சரி, முதலில் அந்த மண்ணில் ஒரு பிடி போட்டுவிட்டுத்தான் மற்ற வேலை. புது இடம் நம்மை ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பதற்காக. அது கறுப்பு மின்னும் மண். அதில் கதிர் இருக்கிறது என்பது எங்கள் கரையில் எல்லோருக்கும் தெரியும். அதை அள்ளத்தான் ஆட்கள் வந்தார்கள், அளக்கத்தான் கருவிகளோடு வந்தார்கள். தெரிந்துதான் அதில் விளையாடி வளர்ந்தோம்.

"மிஷினுக்குக் குழி தோண்டின அன்னிக்கு எங்க வீட்டுக்காரரு ஒரு பை மண்ண முழுசாட்டுக் கொண்டு போட்டாரு" என்றாள். "நல்லதுக்குத்தான் போட்டாரு. மலை நம்மள வச்சு வாழட்டும்னு. எங்கிட்ட மட்டும் சொன்னாரு. அவரு போன பிறவு எனக்கு வாய் தொறக்க முடியல்ல."

துணை ஆணையர் முன்னால் குனிந்தார். "நன்மாறன், இது சாத்தியமா?"

நன்மாறன் சார் பனிமயத்தைப் பார்த்தார். கண்ணெடுக்காமல் பார்த்தார். பிறகு திரைப்பக்கம் திரும்பினார். "சாத்தியம்தான் சார். அந்த மண்ணுல தோரியம் இருக்கு. அதுவும் கதிரியக்கம்தான். குழப்பியிருக்கும்."

"இப்ப எந்திரம் அங்கயா இருக்கு?"

"இல்ல. போன தடவைக்கப்புறம் பாறைப்பக்கம் மாத்திட்டோம். இது சுத்தமான குழி."

"அப்ப கோளாறு தெரிஞ்சாச்சு. இப்ப காட்டுறத நம்பலாம்."

"நம்பலாம்."

"கப்பல் அனுப்புறேன்" என்றார். குரலில் நிம்மதி தெரிந்தது. அவருக்குத் தேவைப்பட்டது கிடைத்துவிட்டது.

நாங்கள் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ஆனால் சந்தோஷப்படும் முன்பே ஒரு ஆள் கத்தினான். "அப்போ அவன்தானா? எனக்க வள்ளம் போனது அவனாலயா?" இன்னொருத்தி ஆட்டுக்கணக்குப் பேசினாள். பேச்சு எங்கெங்கோ போயிற்று. நாலைந்து பேர் கல்லறைத் தோட்டத்துக்குப் போய் தார்சியூஸின் குரிசைப் பிடுங்கி எறிந்தார்கள். தலைவி நான் தடுக்கவில்லை. எனக்கும் கோபம்தான். "அந்த மனுசனுக்கு மண்டையில ஒண்ணும் கெடையாதா" என்று நான் சொன்னது பனிமயத்தின் காதில் விழுந்தது. அவள் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு துணி கட்டப் போனாள்.

கப்பல் வந்தது. எல்லோரும் ஏறினோம். தீவு கண்ணுக்கு எட்டிய தூரத்தில் இருக்கும்போதே மலை திறந்துகொண்டது. முதலில் சத்தமே இல்லை. மேகத்துக்குள்ளிருந்து ஒரு கறுப்பு எழுந்து மேலே மேலே போனது. பிறகு சத்தம் வந்து நெஞ்சில் அடித்தது. கப்பலின் இரும்பு அதிர்ந்தது. சூரியன் தலைக்கு மேல் இருக்கும்போதே பகல் அணைந்துவிட்டது. சாம்பல் சூடாகத் தலையில் விழுந்தது. எங்கள் ஓடுகள், கோவில், தென்னந்தோப்பு எல்லாம் ஒரு பழுப்புச் சுவருக்குள் போயின. யாரும் அழவில்லை. பயம் முற்றினால் அழுகை வராது என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். ஒரு உயிர்கூட விட்டுப்போகவில்லை என்று எண்ணி முடித்த பிறகுதான் கொஞ்சம் பேர் அழுதார்கள்.

பெரிய தீவில் முகாம் போட்டார்கள். நன்மாறன் சாரைச் சனம் கையெடுத்துக் கும்பிட்டது. அவருக்கு அது பிடிக்கவில்லை. கும்பிட வருகிறவர்களைக் கண்டால் கூடாரத்துக்குள் போய்விடுவார். பனிமயம் தண்ணீர் பிடிக்க நின்றால் முன்னும் பின்னும் இடம் விட்டு நின்றார்கள். தார்சியூஸின் பெயர் சொல்லாமலே எல்லோருக்கும் விளங்கும் ஏச்சாகிவிட்டது.

ஒரு நாள் காலை சார் என்னைக் கூப்பிட்டார். "உங்ககிட்ட மட்டும் சொல்றேன். சொல்லாம இருக்க முடியலை" என்றார். "வம்சம்னு சொன்னேன்ல, அது ரெண்டு இருக்கு. யுரேனிய வம்சம் ஒண்ணு, தோரிய வம்சம் ஒண்ணு. உங்க ஊர் மண்ணுல தோரிய வம்சம்தான் கூடுதல். வயதுமானி ரெண்டையும் தனித்தனியா எண்ணும். போன வருஷக் கணக்குல தோரியம் ஒரு துளி கூடலை."

"எனக்கு விளங்கல்ல சார்."

"அந்தக் குழியில உங்க ஊர் மண்ணே கிடையாதுன்னு சொல்றேன். போன தடவை குழம்பு வந்து நின்னதுதான் நிஜம். எந்திரம் ரெண்டு தடவையும் சரியாத்தான் சொல்லுச்சு."

"இது உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"உங்க தங்கச்சி சொல்லி வாய் மூடுறதுக்குள்ள தெரியும்" என்றார். தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "நிஜத்தச் சொன்னேன், கப்பல் வரலை. அவங்க சொன்னதுக்கு வந்துச்சு. தெரிஞ்சேதான் ஆமான்னு சொன்னேன்."

நான் பனிமயத்தைத் தேடிப் போனேன். கூடாரத்துக்குப் பின்னால் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்தேன்.

"தார்சியூஸ் மண்ணு போடல்லியா?"

"ஆரு சொன்னா?"

"சாரு."

"இல்ல. போடல்ல" என்றாள். "குழி தோண்டின அன்னிக்கு அவரு காய்ச்சல்ல கெடந்தாரு. ஏதாவது கெடந்து குழப்பிச்சுன்னா கப்பல் வரும்னு அந்தத் தொர சொன்னதா நீதான எங்கிட்டச் சொன்ன. மண்ணு ஞாபகம் வந்துது. சொன்னேன்."

"சரி, சொன்ன. அதுக்கு ஏன் பிள்ளே அவரு பேரு?"

"பின்ன ஆருக்க பேரச் சொல்லுவேன்க்கா? உயிரோட இருக்கியவனச் சொன்னா, நான் போடல்லன்னு சொல்லிருவான்லா."

குரிசைப் பிடுங்கிய கைகளும் என் வாயிலிருந்து வந்த பேச்சும் கண்முன் வந்தன. "நான் இப்பவே ஊரக் கூட்டிச் சொல்லப் போறேன்" என்று எழுந்தேன். அவள் ஈரக் கையால் என் சேலையைப் பிடித்துக்கொண்டாள்.

"இரி. இங்கயும் ஒரு மிஷினு வச்சிருக்கானுவ, பாத்தியா? இந்த மலையும் அதுக்க கூடப்பிறந்ததுதானாம். நாளைக்கு இதுவும் காட்டும். போன தடவ கள்ளம் சொல்லித்தான் கப்பல் வர வச்சாவன்னு தொரைக்குத் தெரிஞ்சா, பிறவு வருமா? சாருக்கும் வேல போவும். அடுத்தவாட்டி நம்ம சொல்லத ஆரு கேப்பா?"

அப்போதுதான் நான் நிமிர்ந்து பார்த்தேன். கூடாரங்களுக்குப் பின்னால் இந்தத் தீவின் மலை பச்சையாக, சின்னதாக, ஒன்றும் அறியாததுபோல நின்றது. திரும்பவும் உட்கார்ந்தேன்.

அபிஷா பள்ளிக்கூடத்திலிருந்து வந்தாள். சட்டையில் பொத்தான் பிய்ந்திருந்தது, முழங்கையில் சிராய்ப்பு. அம்மாவிடம் போகாமல் என்னிடம் வந்து நின்றாள். கேட்க வேண்டியதை அம்மாவிடம் கேட்கக்கூடாது என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்திருப்பாள்போல.

"பெரியம்மா, பள்ளிக்கூடத்துல பிள்ளையளு எல்லாம் சொல்லுதாவ. எங்க அப்பாதான் மண்ணு போட்டாரா? அவராலதான் எல்லாம் போச்சா?"

பனிமயம் முகத்தைத் திருப்பிக்கொண்டு தேய்த்த பாத்திரத்தையே திரும்பத் தேய்த்தாள். சின்னப் பிள்ளை. ஒன்று சொன்னால் நாளைக்குப் பள்ளிக்கூடம் முழுக்கத் தெரியும். நாளை மறுநாள் தலைமைத் தீவுக்குத் தெரியும்.

"ஆமா மக்ளே" என்றேன்.

அவள் மனசுக்கு உள்ளே எதையோ ஒழுங்குபடுத்துவதுபோல நின்றாள். பிறகு அம்மாவின் முதுகைப் பார்த்துக் கேட்டாள்.

"அப்போ இனி செபத்துல அவரு பேரச் சொல்லண்டாமாம்மா?"

தேய்க்கிற சத்தம் நின்றது.

"சொல்லு மக்ளே" என்றாள் பனிமயம். "மெதுவாச் சொல்லு."